பள்ளிச் சட்டை பிச்சை அல்ல!

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்கச் செயலவை உறுப்பினருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். லயத்துக் கூரையைப் பற்றியும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பேசுவோம். இன்றோ துணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "சம்பளப் பேச்சு இருக்கும்போது சட்டைப் பேச்சு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்லிவிட்டு மேலே போவோம்.

பள்ளி திறந்த வாரத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளை நான்கு நாள் பள்ளிக்குப் போகவில்லை. ஆறாம் வகுப்பு முடித்து, முதலாம் படிவத்துக்குப் போகவேண்டிய பிள்ளை. கேட்டவர்களுக்கெல்லாம் "காய்ச்சல்" என்று தாய் பதில் சொன்னாள். ஐந்தாம் நாள் காலைப் பெரட்டு முடிந்ததும் ஒரு கிழவி எங்கள் மேசையருகே வந்து மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. போட்டுக்கொண்டு போகச் சட்டை இல்லை."

அந்தத் தாய் விதவை. மூன்று பிள்ளைகள். பால் வெட்டிப் பிழைக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் படித்தவரை அந்தப் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலப் பினபோரும் இருந்தன. இடைநிலைப்பள்ளி என்றதும் பினபோரின் நிறமே மாறிவிடுகிறது. பழையதை வெட்டித் தைக்கவும் வழியில்லை, அக்காள் சட்டையைத் தங்கைக்குப் போடும் வழக்கமும் உதவவில்லை, ஏனெனில் இவள்தான் மூத்தவள். அரசாங்கம் தரும் பள்ளி உதவிப் பணம் வரும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். ஆனால் பணம் கைக்கு வருமுன் பள்ளி திறந்துவிட்டது.

"எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, அக்கா?" என்று கேட்டோம். அவள் சொன்ன பதில் இன்றுவரை எங்கள் காதில் நிற்கிறது. "அரிசி இல்லை என்று கேட்டாலும் கேட்கலாம், ஐயா. துணி இல்லை என்று எந்த வாயால் கேட்பது?"

தோழர்களே, இன்றைய பேச்சு இந்தக் கேள்விக்கான பதில்தான். பசியை மறைக்கலாம். துணியில்லாமையை மறைக்க முடியாது. அதனால்தான் ஏழை, பிள்ளையையே வீட்டுக்குள் மறைத்துவிடுகிறான். அந்த வெட்கம் யாருடையது? அந்தத் தாயுடையதா, அல்லது அவளுக்குக் கொடுக்கவேண்டியதை நேரத்தில் கொடுக்காதவர்களுடையதா?

நம் வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பாருங்கள். மூன்று வகைச் சட்டைகள் காய்கின்றன. ஒன்று வேலைச் சட்டை. இரண்டாவது வீட்டுச் சட்டை, அதாவது நாம் அன்றாடம் உடுப்பதும் தீபாவளிக்கு எடுப்பதும். மூன்றாவது பள்ளிச் சட்டை. இந்த மூன்றுக்கும் மூன்று பொறுப்பாளிகள் இருக்கிறார்கள். யார் எதற்குப் பொறுப்பு என்று நமக்குத் தெளிவாகத் தெரிந்தால், கையேந்தவேண்டிய அவசியம் இராது. கணக்குக் கேட்கும் அதிகாரம் நமக்கு வந்துவிடும்.

முதலில் வேலைச் சட்டை.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள் நம் பெரியவர்கள். பால் வெட்டுகிறவனுக்கு அந்தப் பழமொழி உதவாது. ரப்பர்ப் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் துணியோடு துணியாக ஒட்டிக்கொள்ளும். நாளாக நாளாகக் கறுத்துப்போகும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவன் உடுத்துவது துணியா, ரப்பர்த் தகடா என்று தெரியாத அளவுக்கு விறைத்திருக்கும். இதுபோகக் காலணி வேண்டும், கையுறை வேண்டும். அட்டையும் பாம்பும் உள்ள காட்டில் வெறுங்காலோடு நடக்க முடியாது.

இதற்கு யார் பொறுப்பு? 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. தொழிலாளியின் பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்வது முதலாளியின் கடமை என்றும், அச்சட்டப்படி கொடுத்த பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்றும் அது சொல்கிறது. ஆகவே பாதுகாப்புக் காலணிக்காகச் சம்பளத்தில் பிடித்தம் போட்டால், அந்தச் சம்பளச் சீட்டைக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். காலணி இல்லை என்று சமூக நல இலாகாவைத் தேடி ஓடவேண்டாம். அது தோட்டத்தின் கடன். தோட்டம்தான் தீர்க்கவேண்டும்.

இரண்டாவது வீட்டுச் சட்டை. இது சம்பளத்தின் கடன்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த நியாயம் அன்று. 1920களில் மலாயாவில் இந்தியத் தொழிலாளிக்கு நிலையான கூலி நிர்ணயித்தபோது, ஒரு குடும்பத்துக்கு மாதம் என்ன செலவாகும் என்று பட்டியல் போட்டார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் இருந்த அந்தப் பட்டியலில் துணியும் இருந்தது. அந்தப் பட்டியல்களின்மேல்தான் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற கூலி எழுந்தது. அற்பக் கூலிதான். ஆனாலும் துணி கூலியின் ஒரு பகுதி என்பதை அன்றைய வெள்ளைக்கார ஆட்சியே ஒப்புக்கொண்டிருந்தது. 1930களின் விலைவீழ்ச்சியில் அந்தக் கூலியையும் வெட்டினார்கள். இந்தியாவிலிருந்து வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியார், 50 காசும் 40 காசும் மறுபடி கொடுக்கப்படவேண்டும் என்று 1937இல் வெளியான தமது அறிக்கையில் எழுதினார்.

கூலி வெட்டப்பட்ட வீட்டில் முதலில் குறைவது எது? அரிசியைக் குறைத்தால் மறுநாள் வேலை செய்ய முடியாது. ஆதலின் துணிதான் குறையும். எனவேதான் தொழிலாளியின் மானத்தையும் கூலியையும் நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை. 1941இல் இதே கிள்ளான் வட்டாரத்தில், தமிழ்நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் போன்றோரின் வழிகாட்டலில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு நிறுத்திக்கொண்டார்களா? துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். வயிறும் வேண்டும், மானமும் வேண்டும் என்பதே அதன் பொருள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ஆனால் அந்தக் கேள்வியை நாடு கடத்த முடியவில்லை.

அதே ஆண்டு இறுதியில் ஜப்பானியர் வந்தார்கள். 1945 வரை துணிப் பஞ்சம். சாக்கை வெட்டி இடுப்பில் கட்டிக்கொண்ட கதையை நம் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இந்த மன்றத்திலும் இருக்கும். சயாம் மரண ரயில் பாதைக்கு இங்கிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் சாக்கோடு மடிந்தார்கள். நம் சமூகத்தின் நினைவில் துணி என்பது அலங்காரம் அன்று. மனிதன் மனிதனாக நிற்பதற்கு அடையாளம்.

இன்றைய கணக்கைப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிற்று. தொழிற்சங்கங்களின் நெடுநாள் கோரிக்கையின் பின்னே வந்த சட்டம் அது. 2022இல் 1,500 ஆயிற்று. 2025இல் 1,700 ஆயிற்று. நல்லது. ஆனால் 2022ஆம் ஆண்டுக்கு அரசாங்கமே கணக்கிட்ட வறுமைக் கோட்டு வருமானம், சராசரிக் குடும்பம் ஒன்றுக்கு மாதம் 2,589 வெள்ளி. உணவோடு, உடை போன்ற மற்றத் தேவைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஒருவர் உழைத்துக் குடும்பம் முழுவதும் சாப்பிடும் வீட்டில் 1,700 வெள்ளியை வைத்து அந்தக் கோட்டைத் தொட முடியுமா? எனவே சம்பளப் போராட்டம் முடிந்துவிடவில்லை. "அரசாங்கம்தான் உதவி தருகிறதே, இன்னும் ஏன் சம்பளம் கேட்கிறீர்கள்?" என்று முதலாளிமார் சொன்னால், அரசாங்க உதவி தொழிலாளியின் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது, தோட்டத்தின் இலாபக் கணக்குக்குக் கொடுக்கப்பட்டதன்று என்று பதில் சொல்லுங்கள்.

மூன்றாவது, பள்ளிச் சட்டை. இதுதான் இன்றைய பேச்சின் உயிர்.

வீட்டில் என்ன உடுத்துவது என்பது நம் விருப்பம். பள்ளியில் அப்படி இல்லை. இன்ன நிறம், இன்ன வெட்டு, இன்ன காலணி என்று விதி இருக்கிறது. அதற்கு மேல் விளையாட்டுச் சட்டை, புறப்பாட இயக்கச் சீருடை, காலுறை, பை. இன்னது உடுத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்று அரசாங்கம் சொல்லும்போது, அதை வாங்க முடியாதவனுக்குக் கொடுக்கும் கடமையும் அரசாங்கத்துக்கு வருகிறது. எளிய நியாயம். இதில் பிச்சை எங்கே வந்தது?

விதியை மாற்றினால் செலவு குறையும் என்பதற்கும் சான்று உண்டு. முன்பு பிள்ளைகள் வெள்ளைக் காலணி போட்டார்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் வெள்ளைக் காலணி எந்த நிலையில் வீடு திரும்பும் என்று தாய்மார்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேய்த்து, வெள்ளை பூசி, வெயிலில் வைத்து, அதற்குள் மழை வந்து, எத்தனை பாடு! கறுப்புக் காலணிக்கு மாறுவதாக 2018இல் அரசாங்கம் அறிவித்து, 2021க்குள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு விதி மாறியதில் ஒவ்வொரு வீட்டிலும் வெள்ளைப் பூச்சுக் காசு மிச்சமாயிற்று. ஏழையின் செலவைத் தெரிந்தவன் விதி எழுதினால் அது ஏழைக்கு உதவும் என்பதற்கு இதுவே சாட்சி.

இனி, கையில் வரும் உதவி. பள்ளித் தொடக்க உதவித் தொகை 2012இல் மாணவருக்கு 100 வெள்ளி என்று ஆரம்பமாயிற்று. அப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். பின்னர், குடும்ப வருமானம் 3,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். 2023 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டு, எல்லா மாணவர்களுக்கும் 150 வெள்ளி என்று ஆக்கினார்கள். அது பள்ளியின் வழியாகப் பெற்றோரைச் சேர்கிறது.

"பணக்காரன் பிள்ளைக்கும் 150 வெள்ளி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வரம்பு இருந்த காலத்தை நாங்கள் கிராணி மேசையிலிருந்து பார்த்திருக்கிறோம். கணவன் மனைவி இருவரும் வேலை செய்து, ஒரு மாதம் கூடுதல் பால் காசும் ஞாயிறு வேலைக் காசும் சேர்ந்துவிட்டால், சம்பளச் சீட்டில் தொகை வரம்பைத் தாண்டி நிற்கும். மறுமாதம் மழை. சம்பளம் இறங்கிவிடும். ஆனால் மனுவோடு போனது ஏறிய மாதத்துச் சீட்டு! இன்னொன்றும் உண்டு. சிலருக்கு மட்டும் என்றால், "யார் யாருக்கு உதவி வேண்டும்?" என்று கேட்கவேண்டி வரும். பத்து வயதுப் பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்குமா? எல்லோருக்கும் என்றால் யாரும் எழுந்து நிற்கவேண்டியதில்லை. ஆகவே, வரம்பு திரும்பி வரக்கூடாது என்பதே நம் நிலை.

ஆனால் 150 வெள்ளியோடு கதை முடிந்துவிடவில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கடைக்குள் பிள்ளையோடு நுழைந்து பாருங்கள். இரண்டு சட்டை, இரண்டு பினபோர் அல்லது இரண்டு காற்சட்டை, ஒரு சோடி காலணி, காலுறை, விளையாட்டுச் சட்டை, பை என்று மேசையில் அடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் கூட்டிச் சொல்லும்போது தெரியும். காலமும் நமக்குச் சாதகமாயில்லை. தீபாவளிக் கடன் தீருமுன் ஆண்டு இறுதி மழை வருகிறது. மழை நாளில் மரம் வெட்ட முடியாது. கூடுதல் காசு போய்விடும். 2026இலிருந்து பள்ளியாண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது. அது முடிந்து நிமிர்ந்தால் மரம் இலையுதிர்க்கும் பருவம். பால் குறையும். அதாவது, கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் மாதத்தில்தான் பள்ளிச் சட்டை வாங்கவேண்டியிருக்கிறது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்ப்போம். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983இல் ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டமும், 1985இல் சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் திட்டமும் வந்தன. ஆரம்பத்தில் ஆண்டுக்கு ஒரு சோடி. பின்னர் நான்கு சோடியாக உயர்ந்தது. வேட்டி சேலை நெய்யும் வேலை நெசவாளருக்கும், சீருடை தைக்கும் வேலை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் போயிற்று. ஒரு கையால் பிள்ளைக்குச் சட்டை, மறு கையால் தாய்க்கு வேலை! இலங்கையில் பிரேமதாசா ஆட்சியில் 1993இல் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் சீருடைத் துணி கொடுக்க ஆரம்பித்தார்கள். நம்மைப் போலவே கப்பலேறிப் போன தமிழரின் பிள்ளைகள், தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் அந்தத் துணியைப் பெற்றார்கள். ஸ்காட்லாந்தில் 2018இல், தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 100 பவுன் பள்ளி உடைப் பணம் என்று நாடு முழுவதற்கும் வரையறுத்தார்கள். 2021இல் அதைத் தொடக்கப்பள்ளிக்கு 120 பவுன், இடைநிலைப்பள்ளிக்கு 150 பவுன் என்று உயர்த்தினார்கள்.

இவற்றிலிருந்து நாம் கற்கவேண்டியவை இரண்டு. துணியாகக் கொடுத்தால் விலை ஏறினாலும் பிள்ளைக்குச் சட்டை குறையாது. பணமாகக் கொடுத்தால் விலை ஏற ஏறப் பணம் சுருங்கும். நம் நாட்டில் பணமாகக் கொடுக்கிறார்கள். அளவும் வகையும் நாமே பார்த்து வாங்கலாம் என்ற வசதி அதில் உண்டு. எனவே, விலையைப் பார்த்து அந்தத் தொகையும் உயரவேண்டும் என்று கேட்கவேண்டும். மற்றொன்று, பெரிய பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் செலவு அதிகம் என்பதை ஸ்காட்லாந்துக்காரன் உணர்ந்திருக்கிறான். முதலாம் படிவத்துக்கும் புகுமுக வகுப்புக்கும் போகும் பிள்ளைக்கு எல்லாமே புதிது. எங்கள் தோட்டத்துப் பிள்ளை வீட்டில் ஒளிந்துகொண்டதும் அந்த வாசற்படியில்தான்.

இனி, மிக வறிய குடும்பங்களைப் பற்றி. சமூக நல இலாகாவின் கீழ் பிள்ளைகளுக்கான மாத உதவி ஒன்று இருக்கிறது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அது உயர்த்தப்பட்டது. 6 வயதுக்கு மேற்படாத பிள்ளைக்கு மாதம் 250 வெள்ளி, 7 முதல் 18 வயதுள்ள பிள்ளைக்கு 200 வெள்ளி, ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு 1,000 வெள்ளி. இது சட்டைக்கென்று தனியாகத் தரும் பணமன்று. பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் படிப்புக்கும் சேர்த்துத்தான். வறுமைக் கோட்டு வருமானத்தை வைத்துத் தகுதி பார்ப்பார்கள். மனுவைக் கொடுத்தபின் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். மனுவுக்குக் கட்டணம் இல்லை. யாராவது "வாங்கித் தருகிறேன், செலவுக்குக் கொடு" என்றால், அவரை நம்பவேண்டாம். வழி தெரியாதவர்கள் 15999 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

"எங்கள் சம்பளம் கோட்டுக்கு மேலே இருக்கும், கிடைக்காது" என்று தாமாகவே தீர்ப்பெழுதிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு பேர் உழைத்து ஐந்து பிள்ளைகளை வளர்க்கும் வீடும், இரண்டு பேர் உழைத்து ஒரு பிள்ளையை வளர்க்கும் வீடும் ஒன்றாகுமா? வீட்டில் உண்ணும் வாய்களை எல்லாம் எழுதுங்கள். தீர்ப்பை இலாகா சொல்லட்டும்.

தோழர்களே, இதுவரை அரசாங்கத்தையும் முதலாளிமாரையும் பேசினோம். இப்போது எங்களையே பேசவேண்டும்.

அந்த விதவைத் தாயின் வீட்டுக்குப் போய், தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தோம். அவள் கணவன் தோட்டத்தில் வேலை செய்து, நோயில் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு அவன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்திருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971இலிருந்து நடந்து வரும் திட்டம் அது. வேலையில் அடிபட்டால்தான் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். நோயால் இறந்தாலும், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அந்த ஓய்வூதியத்துக்கு யாரும் மனுவே செய்யவில்லை! ஒருமுறை அவள் ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். திருமணப் பதிவுப் பத்திரம் கொண்டு வா என்றார்களாம். கோயிலில் தாலி கட்டியவர்கள், பதிவு செய்யவில்லை. மூன்று முறை பஸ் ஏறினாள். மூன்று நாள் வேலை போயிற்று. அதோடு விட்டுவிட்டாள்.

அந்த மனிதனின் பெயரைச் செக்ரோலிலிருந்து அடித்தது யார்? எங்கள் பேனாதான். பெயரை அடித்த கை, "குடும்பத்துக்கு வரவேண்டியது வந்ததா?" என்று ஒரு வரி எழுதவில்லை. இரண்டு ஆண்டுகள் அந்த அம்மாள் எங்கள் கண்முன்னே பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு வந்து போனாள். இந்தக் குற்றத்தை நாங்கள் எங்கள்மேல் போட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருக்கிறது. அதை வைத்துப் பிள்ளைகளுக்குரிய பங்கைக் கேட்டு இப்போது மனு போயிருக்கிறது. முடிவு வரவில்லை. வந்ததும் கிளைக்கு அறிவிப்போம்.

ஆகவே கிராணிமார்களே, நமக்கு மலாயில் எழுதத் தெரியும், கைத்தொலைபேசியில் படிவம் நிரப்பத் தெரியும் என்பது நம் பெருமைக்கல்ல. பால் வெட்டும் சகோதரிக்கு ஒரு நாள் சம்பளம் போகாமல் காப்பதற்கு. ஒவ்வொரு தோட்டத்திலும் இதைச் செய்வோம்:

ஒன்று: நவம்பர் மாதத்திலேயே, அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்கும், முதலாம் படிவத்துக்கும், புகுமுக வகுப்புக்கும் போகும் பிள்ளைகளின் பட்டியலை எடுப்போம்.

இரண்டு: ஒவ்வொரு வீட்டிலும் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, திருமணப் பதிவு மூன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். 1982 மார்ச் முதல் இந்த நாட்டில் நம் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். தாலி தெய்வத்துக்குச் சாட்சி, பதிவு சர்க்காருக்குச் சாட்சி. இரண்டும் வேண்டும். சிவப்பு அடையாளக் கார்டோடும், பத்திரமே இல்லாமலும் நம்மிடையே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை முதலில் கவனிப்போம்.

மூன்று: தொழிலாளி இறந்தால், செக்ரோலில் பெயரை அடிக்குமுன் சொக்சோ, ஊழியர் சேமநிதி ஆகிய இரண்டு மனுக்களும் போயினவா என்று கேட்போம்.

நான்கு: வளர்ந்த பிள்ளைகளின் நல்ல சீருடைகளைத் துவைத்து, தேய்த்து, கிளை அறையில் அளவுவாரியாக அடுக்கி வைப்போம். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்ற பெயர்ப் பதிவு வேண்டாம். எங்கள் தோட்டத்தில் தையல் தெரிந்த இரண்டு சகோதரிகள் முன்வந்திருக்கிறார்கள்.

இவற்றோடு, இக்கூட்டத்தின் முன் ஒரு தீர்மானத்தையும் வைக்கிறோம். பள்ளித் தொடக்க உதவித் தொகை, பள்ளி திறக்குமுன், டிசம்பரிலேயே பெற்றோர் கைக்கு வரவேண்டும். இடைநிலைப்பள்ளிக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். விலைவாசியைப் பார்த்துத் தொகையை உயர்த்தவேண்டும். வருமான வரம்பு மீண்டும் வரக்கூடாது. இதை ஆதரித்துக் கைதூக்க வேண்டுகிறோம்.

கடைசியாக ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை ஆறாம் நாள் பள்ளிக்குப் போனாள். சட்டை ஒரு வீட்டிலிருந்து, பினபோர் இன்னொரு வீட்டிலிருந்து. இடுப்பில் கொஞ்சம் தொளதொளப்பு. தாய் ஊசிநூல் எடுத்து இரவோடு இரவாகப் பிடித்துத் தைத்தாள். மறுநாள் காலை அவள் பால் வெட்டப் போகும் வழியில் எங்களைப் பார்த்து, "கிராணி ஐயா, இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன்?" என்றாள். "கடன் உன்னுடையது அல்ல, அக்கா" என்றோம்.

தோழர்களே, தாய்மார்களே, அதையே இங்கும் சொல்கிறோம். வேலைச் சட்டை தோட்டத்தின் கடன். வீட்டுச் சட்டை சம்பளத்தின் கடன். பள்ளிச் சட்டை அரசாங்கத்தின் கடன். அவற்றை வசூலித்துத் தருவது சங்கத்தின் கடன். உங்கள் கடன் ஒன்றே ஒன்றுதான்: துணி இல்லை என்று பிள்ளையை வீட்டுக்குள் ஒளிக்காதீர்கள். வாய் திறந்து சொல்லுங்கள்!

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!